மாப்பிள்ளையின் வலது தோள்

சிலிபின், ஈப்போ.
மாசி மாதம், 1926.

மகாராஜராஜஸ்ரீ மச்சான் நல்லையா அவர்களுக்கு இளையதம்பி எழுதிக்கொள்வது. நல்லூர்க் கந்தன் கிருபையால் இங்கு யாவரும் சுகம், என் மகள் அம்பிகைக்கென்று நீங்கள் தேடிப்பிடித்துத் தந்த மாப்பிள்ளையின் வலது தோள் ஒன்றைத் தவிர.

சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம், சுருட்டுக்கூடப் பிடிக்காத பிள்ளை என்று எழுதினீர்களே, அந்த உத்தியோகம் எப்படிக் கிடைத்தது என்று எழுதினீர்களா? எல்லைக் கோட்டில் நின்று கிரிக்கெட் பந்தை எறிந்து விக்கெட்டைச் சாய்க்கிறான் என்றுதான் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வேலை கொடுத்தாராம். நம் மாப்பிள்ளை பூபாலசிங்கமும் விசுவாசமாக எறிந்தான். மழையிலும் எறிந்தான், காய்ச்சலிலும் எறிந்தான், துரை "வெல் டன்" என்றால் சும்மா இன்னொரு தரம் எறிந்து காட்டினான். போன மாதம் எறிந்தபோது பந்து போகவில்லை, தோளில் ஏதோ பிய்ந்து கை தொங்கிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் பிடித்துப் பார்த்துவிட்டு, "சின்ன வயசிலேர்ந்து எறிஞ்சு எறிஞ்சு தோள்மூட்டே மாறிப் போச்சுங்க. கை பின்னால ரொம்ப வளையுது, உள்பக்கம் திரும்பமாட்டேங்குது. மூட்டைச் சுத்திப் பிடிச்சிருக்கிற நாரும் கிழிஞ்சிருக்கு, இனிமே மேல தூக்க முடியாது" என்றாராம். என்ன அருமையான தேகம்! ஊரில் மாப்பிள்ளைமார் சீதனமாகக் காணி கேட்பார்கள், இவனுக்குத் தலை வாரிவிட ஆள் கொடுக்க வேண்டும்.

நேரே போய், "தம்பி, தாலி கட்டக் கை எழும்புமோ?" என்று கேட்டேன். "நெஞ்சு மட்டுக்கும் வரும் மாமா. அம்பிகை கொஞ்சம் குனிஞ்சாக் காணும், கட்டிப்போடுவன்" என்றான். எறிய முடியாத கிராணி எதற்கு என்று துரையும் சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு அம்பயராக நிறுத்திவிட்டுத் திங்கட்கிழமை வேலையிலிருந்து சீட்டுக் கிழிக்கப் போகிறாராம். இது தெரிந்தும் அம்பிகை அந்தத் தோளுக்கு எண்ணெய் காய்ச்சி அனுப்புகிறாள். ஒரே பிள்ளை மச்சான், உண்மையாகவே பயமாக இருக்கிறது. ஆகவே இந்தச் சம்பந்தம் வேண்டாம். அவர்கள் வீட்டில் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், உங்கள் நாக்குக்கு எந்த மூட்டுவலியும் கிடையாதே.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்குச் சகல ஐசுவரியமும் உண்டாகட்டும்.

இங்ஙனம்,
இளையதம்பி

பி.கு.: ஞாயிறு காலை. நல்லவேளை, கடிதம் இன்னும் தபாலுக்குப் போகவில்லை. மேலே எழுதியதை அக்காவுக்குக்கூட வாசித்துக் காட்ட வேண்டாம். நேற்று ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். துரை மட்டை பிடித்தார். முதல் பந்தே மட்டையில் உரசிப் பின்னால் நின்றவன் கைக்குப் போய்விட்டது. எதிர்க்கட்சி முழுவதும் "அவுட்" என்று கத்தியது. விரலை உயர்த்த வேண்டிய நம் மாப்பிள்ளைக்குக் கை எழும்பவில்லை. "மற்றக் கையைத் தூக்குமன் ஐயா!" என்று அவர்கள் பக்கத்துக் கிராணி ஒருவன் அலறினான். "துரைக்கு இடக்கையைக் காட்டுறதோ? நான் அப்பிடி வளரேல்லை" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை அசையாமல் நின்றார். துரை பொழுது சாயும்வரை அடித்தார். ஆட்டம் முடிந்த கையோடு மாப்பிள்ளையைப் பெரிய கிராணியாக்கி, நிரந்தர அம்பயராகவும் வைத்துக்கொண்டார். வைகாசியில் முகூர்த்தம் பாருங்கள். தோளுக்கு மட்டும் யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாதென்று துரையின் கண்டிப்பான உத்தரவு.