ஜெயிக்க மறந்த ராணி

"செக்மேட் வைடா, கண்ணு!" என்று சீப்ரன் தன் கணினியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நெதர்லாந்தின் லைடன் நகரத்துச் சமூகக் கூடம். மாதம் ஒரு சனிக்கிழமை செஸ் புரோகிராம்களுக்குப் போட்டி. அவற்றை எழுதியவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, கணினி சொல்கிற காயை நகர்த்த வேண்டும்.

பதினோரு வருடமாக சீப்ரன் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. தனிக்கட்டை. ஜெயித்தால் அக்காவுக்கு ஃபோன் செய்ய ஒரு காரணமாவது கிடைக்கும். இன்று எதிராளி கோவர்ட்டிடம் மிஞ்சியது வெறும் ராஜா. இவரிடம் ராணியே இருக்கிறாள். அவளோ பலகையில் காலாற உலாத்திக்கொண்டிருந்தாள்.

காபி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த கோவர்ட் கேட்டார்: "மணி ஒண்ணாச்சு. என்னங்க ஆச்சு உங்க ராணிக்கு?"

"ஹாஷ் டேபிள்ங்க. ஒரு தடவை யோசிச்ச நிலைய எழுதி வச்சுக்கும், மறுபடி வந்தா யோசிக்காது. 'ஜெயம்'னு எழுதியிருக்கு. எத்தனை நகர்வுலன்னு எழுத வைக்க மறந்துட்டேன். எப்படிப் போனாலும் ஜெயம்தானேன்னு சுத்துது. கொஞ்சம் மாத்திக்கட்டுமா?"

எதிராளி சம்மதித்தால் ஆட்டத்தின் நடுவிலும் புரோகிராமை மாற்றலாம்.

"தாராளமா! என்ன அவசரம்?"

சீப்ரன் டேபிளைப் பெரிதாக்கினார். இன்னும் நிறைய 'ஜெயம்' சேர்ந்தது. ராணி இன்னும் நிம்மதியாக உலாவினாள். எல்லாவற்றையும் அழித்தார். மறுபடி அதையே எழுதிக்கொண்டது. டேபிளையே நிறுத்தினார். நகர்வுக்குப் பத்து நிமிடம் யோசித்து, ராணி பழைய கட்டத்துக்கே திரும்பினாள்.

"அடடா, அருமை!" என்று கோவர்ட் பட்டாணி சூப் வரவழைத்தார். தன் பூனை, முழங்கால் வலி, செத்துப்போன மனைவியின் சமையல் என்று பேச்சு ஓயவில்லை. சீப்ரனுக்கு எரிச்சலாக வந்தது.

வெட்டே இல்லாமல் ஐம்பது நகர்வு முடிந்தது. விதிப்படி டிரா.

"நல்ல பொழுதுங்க. அடுத்த மாசம் வருவீங்கல்ல?" கோவர்ட் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

சீப்ரன் காலிக் கூடத்தில் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது.

காபி ஊற்றும் த்ரூஸ் வந்தாள். ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்ததுமே டப்பாவை மூடிவிடுகிறவள், இரண்டாவது பிஸ்கட்டை நீட்டினாள். கூடவே மடித்த காகிதம்.

'தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். மணி 12.55. கோவர்ட்.'

"காபி வாங்க வந்தப்பவே குடுத்துட்டாரு. 'இப்பக் குடுத்தா எந்திரிச்சுப் போயிடுவாரு, எனக்கு வீட்ல எதிர்ல உக்கார ஆளில்ல, நான் போனப்புறம் குடும்மா'ன்னாரு."