மாப்பிள்ளை தலையசைத்த வயர்

மேலகரம்
8-7-1961

சென்னையில் மின்சார இன்ஜினியராக இருந்துவரும் மூத்த மாப்பிள்ளை வல்லிநாயகம் அவர்களுக்கு, மாமனார் சிவசைலம் அநேக ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் வேனைத் தவிர எல்லோரும் சுகம். தங்கள் சுகமும் என் மகள் சுகமும் அறிய ஆவல்.

நிற்க. ஏலத்தில் எடுத்த பழைய பட்டாள வேனுக்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு தங்கும்படி செய்திருப்பது தாங்கள் அறிந்ததே. நம் சின்னவள் குழல்வாய்மொழியைப் பெண் கேட்டிருக்கும் பையனின் தாயார், சுந்தரபாண்டியபுரத்து மங்களேஸ்வரி அம்மாள், வருகிற வெள்ளிக்கிழமை சீசனுக்கு ஐந்தருவி வருகிறார்கள். கூட்டத்தில் நின்று குளிக்க அவர்களுக்குக் கூச்சம். "வேனுக்குள்ளேயே குழாயைத் திறந்தால் கொட்டும்" என்று பீற்றிக்கொண்டது என் வாய்தான். இந்தக் குளியல் கெட்டால் சம்பந்தமும் கெட்டுவிடுமோ என்று நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொங்கலுக்குத் தாங்கள் வந்திருந்தபோது, வீட்டு விளக்குக்குப் போட்டு மிஞ்சிய ஒல்லி வயரைக் காட்டி, "இருநூற்று முப்பது வோல்ட்டையே தாங்குகிற வயர், பன்னிரண்டு வோல்ட் பாட்டரிக்குத் தாங்காதா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். தாங்கள் மெல்லத் தலையசைத்தீர்கள். அதையே தொட்டித் தண்ணீரைக் குழாய்க்குத் தள்ளும் பம்புக்குப் போட்டுவிட்டேன். நேற்று சுவிட்சைத் தட்டினால் பம்பு ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுக்குது, குழாயில சொட்டுச் சொட்டா வருது, வயரைத் தொட்டா கை சுடுது, ரப்பர் கருகுற நாத்தம் வேற. மெக்கானிக் ஆதம் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, வோல்ட் குறைஞ்சா அதே வேலைக்கு ஆம்பியர் கூட இழுக்கும்லா. பாட்டரி முன்னால கிடக்கு, பம்பு பின்னால கிடக்கு. இம்புட்டுத் தூரத்துக்கு ஒல்லி வயரு போட்டா பாதி பவர் வழியிலயே சூடாப் போயிரும். தடிச்ச வயரா போடுங்க" என்கிறான். "ஏலே, எங்க மாப்பிள்ளை இன்ஜினியரு, தலையாட்டியிருக்காக" என்றேன். "மாமனார் சொல்லுதத அவுக மறுத்துப் பேசுவாகளா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டான். அப்போதுதான் எனக்கே அந்தத் தலையசைப்பில் சந்தேகம் வந்தது.

இருந்தாலும் மாப்பிள்ளை சம்மதித்த வயரை ஒரு மெக்கானிக் பேச்சைக் கேட்டுப் பிடுங்குவது தங்களுக்கு மரியாதைக் குறைவு. நாளைக்கு என் மகள் முகத்தில் நான் எப்படி முழிப்பது? ஆகவே அந்தத் தலையசைப்பு சம்மதமா அல்லது வெறும் மரியாதையா என்பதை மட்டும் உடனே தந்தியில் தெரிவிக்க வேண்டியது. மரியாதைதான் என்றால் இங்கே யாரும் தப்பாக நினைக்கமாட்டோம். தடித்த வயர் வாங்க ஆதமை அந்த நிமிஷமே தென்காசிக்கு அனுப்பிவிடுவேன்.

குற்றாலநாதர் தங்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உறக்கமில்லாத மாமனார்
சிவசைலம்

பி.கு.: தந்தி வேண்டாம். இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் மங்களேஸ்வரி அம்மாள் இன்றே வந்து இறங்கிவிட்டார்கள். எண்ணெய் தேய்த்துச் சீயக்காயும் போட்டுக்கொண்டு உட்கார்ந்த நேரம் பார்த்துப் பம்பு நின்று, வயர் புகைந்து, அவர்கள் கண்ணைத் திறக்க முடியாமல் அலற, குழல்வாய்மொழி ஓடிவந்து பாட்டரி வயரைப் பிடுங்கி எறிந்தாள். பிறகு தொட்டியின் மூடியைத் திறந்து, செம்பால் மொண்டு மொண்டு ஊற்றிக் குளிப்பாட்டிவிட்டாள். அந்த அம்மாள் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னது: "பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆவணியில முகூர்த்தம் பாருங்க. ஆனா கல்யாணப் பந்தல்ல ஒத்தை பல்புக்குக்கூடப் பொண்ணோட அப்பா வயரு இழுக்கப்படாது."