மாமி அமுக்காத மணி

அன்பு மருமகன் ஹனீனுக்கு, மேலப்பாளையத்திலிருந்து உன் மாமா டெய்லர் சேக் முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் மாமிக்கு வாய்தான் விழுந்ததே தவிர காது முன்னைவிடக் கூர்மை. அதனால் வியாழக்கிழமை தோஹாவுக்கு வரும் ரசீத் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பெருநாள் லீவில் வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். பக்கவாதத்தில் கிடக்கிறவளுக்கு இடது கை ஒன்றுதான் அசைகிறது, அதால் அமுக்கினால் முன்னறையில் தைக்கிற எனக்கு மணி கேட்கும் என்று கட்டிலில் ஒரு பட்டனும் சுவரில் ஒரு பெட்டியும் மாட்டினாய். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாக அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாய், நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். "உள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கு மாமா, புத்திசாலி" என்றாய். நீ விமானம் ஏறிய மறுநாளே அதன் புத்தி தெரிந்தது. நான் மோட்டார் மெஷினை மிதித்தால் மணி அடிக்கும். ஓடுவேன், அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வந்து ஒரு காலர் வைப்பதற்குள் மறுபடி அடிக்கும். மிக்சி போட்டால் அடிக்கும், ஃபேன் சுவிட்சைத் தட்டினால் அடிக்கும், பெட்டி பக்கம் கையைக் கொண்டுபோனாலே அடிக்கும். பக்கத்து வீட்டு அக்தர் பானு, "இது ஜின்னு வேலைதான் அண்ணே" என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்தைக் கூட்டிவந்தாள். அவர் ஓதிய தண்ணீரைப் பெட்டிமேல் தெளித்தார் பாரு, சாயங்காலம் அசர் பாங்கு வரைக்கும் நிறுத்தாமல் அடித்தது. "பாய், இது நம்ம கைக்கு அடங்காது, கடையில காட்டுங்க" என்று செருப்பைத் தேடினார்.

சிரிக்காதே. இதற்குமேல் சிரிக்க ஒன்றுமில்லை. அவள்தான் வேண்டுமென்றே அமுக்குகிறாள் என்று நான் நினைத்தேன். "ஏளா, சும்மா சும்மா எதுக்கு அமுக்குதே, நான் பொழைக்க வேண்டாமா?" என்று ஒருநாள் கத்தியும் விட்டேன். இல்லை இல்லை என்று தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், யூனிஃபார்ம் மலையாகக் குவிந்து கிடக்கிறது. லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன், மணி அடித்தது. அடிச்சிட்டுப் போகட்டும் என்று மிதித்தேன். விடாமல் அடித்தது. மணியின் வயரைப் பிடுங்கிவிட்டேன். நாலு சட்டைக்குக் காஜா எடுத்து முடித்துத் தண்ணீர் குடிக்க உள்ளே போனால், மைதீன் பாத்திமா தரையில் கிடக்கிறாள், பட்டன் கையில் இருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அழக்கூட இல்லை லே. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அப்புறம் ஜங்ஷனில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கிற கலையரசியிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். "அண்ணாச்சி, பட்டனை அமுக்குனா இந்தச் சிப்போட காலுக்குக் கரண்டு வருது, சரி. அமுக்காதப்ப இது எதோட சேந்திருக்கு? ஒண்ணோடயும் இல்ல, அந்தரத்துல நிக்கி. மோட்டார்ல இருந்து வாரது, ஃபேன்ல இருந்து வாரது எல்லாத்தையும் கூப்பிடுதாகன்னு எடுத்துக்கிடும். ஒரு ரெசிஸ்டர் வச்சு பூச்சியத்தோட கட்டணும்" என்றாள். சும்மா கம்பியால் கட்டினால் என்ன என்று கேட்டேன். "ஷார்ட் ஆயிரும்லா? பைய பிடிச்சிருக்கணும், அமுக்கும்போது விட்டுக் கொடுக்கணும். இங்கன என்னமோ வெட்டுன மாதிரி இருக்கே?" என்றாள். எங்க வீட்டுப் பிள்ளையின் அரைகுறை வேலை என்று சொன்னேன். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்று கோடு போட்ட ஒரு நெல்மணி அளவுச் சாமானை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தாள். இவ்வளவு படித்தவன், இந்த ஒரு நெல்மணியைப் போட மறந்தாயே, உன் படிப்பைக் கொண்டு தாமிரவருணியில் போட!

இப்போது மெஷினை எப்படி மிதித்தாலும் மணி கப்சிப். பதினோரு நாளாக ஒரு தடவைகூடப் பொய்யாக அடிக்கவில்லை. மெய்யாகவும் அடிக்கவில்லை. பட்டனைக் கையில் வைத்தால் விரலை விரித்துக் கீழே விட்டுவிடுகிறாள். படுக்கை நனைந்து கிடந்தாலும் கூப்பிடமாட்டேன் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது ஹனீன். வெள்ளிக்கிழமை வீடியோவில் வந்து, தப்பு என்னுது மாமி, மாமா மேல குத்தமில்ல, அமுக்குங்க என்று நீ சொல்லு. நீ சொன்னால் கேட்பாள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் மறதியில்லாத புத்தியையும் தருவானாக, ஆமீன். உன் கூட்டாளிகள் எல்லாருக்கும் என் சலாம்.

இப்படிக்கு,
மாமா சேக் முகம்மது

பி.கு.: ரசீத் வருவதற்குள் ஒரு சட்டையை முடிக்கலாம் என்று பட்டன் டப்பாவைக் கவிழ்த்தேன். உள்ளே பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. நீ போட்டதுதான். நீ புறப்பட்ட அன்று பெட்டிக்கு வெளியே பிசிறு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. தைத்த சாமானில் பிசிறு நின்றால் எனக்குப் பொறுக்காது, நூல்வெட்டியால் நறுக்கிவிட்டு, பாசிமணி மாதிரி அழகாக இருக்கிறதே, ஏதாவது பாவாடைக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டேன். அப்போது உன் மாமி கட்டிலில் கிடந்து இடது கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்துக் கொடுத்தேன். குடித்தாள். மேலே திட்டியதையெல்லாம் என் பேரைப் போட்டு இன்னொரு தடவை படித்துக்கொள். வெள்ளிக்கிழமை நீ பேச வேண்டாம். அவளுக்குத் தெரிந்ததை நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.