தோஷம் கழிக்கும் பென் டிரைவ்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருங்காட்டுக்கோட்டையில் இரண்டு இடங்களில் கூட்டம் அலைமோதும். ஒன்று பிரியாணிக் கடை. இன்னொன்று கம்ப்யூட்டர் சித்தர் தணிகாசலத்தின் அருள்கூடம். பிரியாணிக் கடையிலாவது கொடுத்த காசுக்கு ஒரு எலும்புத் துண்டு கிடைக்கும்.

அருள்கூடம் 2013 தொடக்கம்வரை செல்போன் ரீசார்ஜ் கடையாக இருந்தது. பிறகு சித்தருக்கு ஞானம் பிறந்தது. கூடவே ஒரு பழைய லேப்டாப்பும் கிடைத்தது. வாசலில் படமெடுத்த பாம்பு போட்ட பேனர்: ‘பைத்தான் ஜாதகம். மனிதன் பொய் சொல்வான், கம்ப்யூட்டர் சொல்லாது.’ பைத்தான் என்பது ஒரு கம்ப்யூட்டர் மொழி. சித்தர் கணக்கில் பைத்தான் என்றால் பாம்பு, பாம்பு என்றால் ராகு கேது, ஆகவே இந்த மென்பொருள் நாகலோகத்திலிருந்து நேரே இறங்கியது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஐ.டி.ஐ. படித்தவர்கள் உண்டு, டிப்ளமா படித்தவர்கள் உண்டு. எல்லோரும் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

லேப்டாப்புக்கு மாலை சாத்தி, கற்பூரம் காட்டி, கீபோர்டில் குங்குமம் தூவியிருந்தது. அதைச் சித்தர் மட்டுமே தொடலாம். பெயர், நட்சத்திரம், ராசி, பார்க்கும் வேலை நான்கையும் கேட்டுத் தட்டுவார். திரை பலன் சொல்லும். தோஷம் என்று வந்தால் பரிகாரம் தயார்: மஞ்சள் கயிற்றில் கோத்த, மந்திரம் ஏற்றிய பென் டிரைவ். கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். செம்புத் தகட்டுக்குக் கொள்ளளவு குறைவாம்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்தில் வேலை பார்க்கும் இசக்கிக்கு அப்போதுதான் வேலை பர்மனென்ட் ஆகியிருந்தது. ஊர்க்காரப் பெண் பாண்டிச்செல்வியோடு தை மாதம் கல்யாணம். அவளும் இங்கேதான், ஓர் உதிரிபாகக் கம்பெனியில் தரச் சோதனை பார்க்கிறாள். சந்தோஷமாக இருக்கிற மனிதன் சும்மா இருப்பானா? பலன் கேட்கப் போனான்.

“கடும் செவ்வாய் தோஷம்,” என்றார் சித்தர், திரையைப் பார்த்து உச்சுக் கொட்டியபடி. “நீ தாலி கட்டினால் அந்தப் பெண்ணின் ஆயுளுக்குப் பங்கம்.”

இசக்கி கேட்ட காசைக் கொடுத்தான். பென் டிரைவைக் கட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனான். கம்பெனிக்குள் பென் டிரைவ் கொண்டுபோகக் கூடாது என்பது வாசலில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கயிற்றில் கட்டினால் அது தாயத்து, கணக்கில் வராது என்று நினைத்தவன் இசக்கி மட்டுமல்ல. வரிசையாக ஒரு கூட்டமே நின்றது. செக்யூரிட்டிக்காரர் ஒவ்வொரு தோஷ நிவர்த்தியாகக் கத்தரித்து டப்பாவில் போட்டார்.

சித்தரிடம் ஓடினான். “கயிறு அறுந்ததால் தோஷம் இரட்டிப்பு. கல்யாணத்தை நிறுத்து,” என்று கைவிரித்துவிட்டார் அவர்.

இசக்கி பாண்டிச்செல்விக்குப் போன் போட்டான். “கல்யாணம் வேண்டாம்ளா. நீ செத்துப் போயிருவியோன்னு பயமா இருக்கு.” சொல்லும்போதே அழுதுவிட்டான். அந்த அழுகை மட்டும் நிஜம்.

யார் சொன்னது, எதைப் பார்த்துச் சொன்னது என்று அவள் கேட்டு வாங்கினாள். பிறகு, “எனக்குச் சாவு சொன்ன மிஷினை நான் பாக்கணும். ஞாயித்துக்கிழமை வாரேன்,” என்றாள்.

வந்தவள் நேராக உள்ளே போகவில்லை. வாசலில் நின்று கூட்டத்தின் கழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொருவராக விசாரித்தாள். பென் டிரைவ் தொங்கிய கழுத்தெல்லாம் பர்மனென்ட். வெறுங்கழுத்தில், செக்யூரிட்டியிடம் பறிகொடுத்தவர்கள் போக, மற்றவரெல்லாம் கான்ட்ராக்ட்.

“எங்க லைன்ல ஷிஃப்ட் ஆரம்பிச்சதும் மொதல்ல சோதிக்கிறது பாகத்த இல்ல, சோதிக்கிற மிஷினத்தான்,” என்றாள் இசக்கியிடம். “நல்ல பீஸ்னு தெரிஞ்சத ஒண்ணு, ரிஜெக்ட்னு தெரிஞ்சத ஒண்ணு உள்ள விடுவோம். ரெண்டுக்கும் சரியாச் சொன்னாத்தான் மிஷினை நம்புவோம். ஒங்க மிஷினை யாராவது சோதிச்சியளா?”

அவளே சித்தர்முன் போய் உட்கார்ந்தாள்.

“சாமி, இவருக்கு பர்மனென்ட் கேன்சல் ஆயிருச்சு. கான்ட்ராக்ட்டுன்னு மாத்திப் பாருங்க. மத்ததெல்லாம் அதேதான்.”

சித்தரின் முகம் சப்பென்று ஆனது. தட்டினார். ‘நல்ல காலம் வரும்’ என்றது திரை. தோஷத்தைக் காணோம்.

“வேலை போனா செவ்வாயும் போயிருமா?” என்றாள் அவள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது.

இசக்கி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பலராமனை அவள் கையோடு அழைத்து வந்திருந்தாள். அவர் முன்னால் வந்தார். “சாமி, நம்ம வூட்டுப் புள்ளைக்குப் பாக்கணும். பேரு ராஜாமணி. ரோகிணி, ரிஷப ராசி. நம்மகிட்டயே பர்மனென்ட்டா கீது.”

பர்மனென்ட் என்றதும் சித்தருக்கு உயிர் வந்தது. “கடும் செவ்வாய் தோஷம். வாழ்க்கைத் துணையின் ஆயுளுக்குப் பங்கம். பென் டிரைவை உடனே கழுத்தில்...”

“கட்டிடலாம் சாமி. ஆனா அது எருமை. தண்ணில எறங்குனா பென் டிரைவ் நனைஞ்சிடுமே.”

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. பதறிப்போன சித்தர் எதையோ மூடப் போய் திரையில் பலன் காட்டிய பக்கம் மறைந்தது. பின்னால் நாகலோகத்து ரகசியம் அப்படியே திறந்து கிடந்தது:

if velai == "permanent":
    print("kadum sevvai dosham")
else:
    print("nalla kaalam varum")

“ஏம்மா, இன்னா பண்ணிக்கினு கீற, அத்தப் பாக்காத,” என்று சித்தர் மாலையை இழுத்துத் திரையை மறைத்தார். சித்தர் மறைந்து பழைய ரீசார்ஜ் கடைக்காரர் வந்துவிட்டார்.

பாண்டிச்செல்வி சாயங்கால கம்ப்யூட்டர் வகுப்பில் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். மாலையை விலக்கி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “இஃப்னா ‘அப்படி இருந்தா’. வேலை பர்மனென்ட்டா இருந்தா, மேல உள்ளதச் சொல்லு. எல்ஸ்னா ‘இல்லாட்டி’. இல்லாட்டி கீழ உள்ளதச் சொல்லு. அவ்வளவுதான். நட்சத்திரம், ராசி எல்லாம் கேக்கதோட சரி. இதுல எங்கயும் அதைப் பாக்கவே இல்ல.”

பரிகாரம் வாங்க முடிந்தவனுக்கு தோஷம், முடியாதவனுக்கு ஆசீர்வாதம். செவ்வாய் பகவான் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பிடிக்கிறார். கூட்டம் சித்தரைச் சூழ்ந்தது. வைரஸ் வந்துவிட்டது என்றார் அவர். ஒருவரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. கழுத்துகளிலிருந்து கழன்ற பென் டிரைவ்கள் அவர் மடியில் வந்து விழுந்தன.

ஒரு வெறுங்கழுத்துக்காரர் மட்டும் பரிதாபமாகக் கேட்டார்: “அப்ப எனக்கு நல்ல காலம் வரும்னு சொன்னதும் பொய்யா?”

இசக்கி தலையைக் குனிந்தபடி பாண்டிச்செல்வி அருகே வந்தான். கல்யாணம் நிற்கவில்லை என்ற நிம்மதியும் வெட்கமும் போட்டி போட்டன. “கம்ப்யூட்டரே சொல்லுதேன்னு நம்பிட்டேன்,” என்றான்.

“அது எழுதிவச்சதத்தான் சொல்லும். யோசிக்க அதுக்கு மூளை கெடையாது,” என்றாள் அவள். “ஒங்களுக்கு என்ன வந்துச்சு?”

இசக்கியைத்தான் கேட்டாள். கூட்டம் மொத்தமும் தலையைச் சொறிந்தது.