முத்திருளன் வெட்டிய வெள்ளைக் குதிரை

வெள்ளைக் குதிரை திரையில் இன்னும் போய்க்கொண்டே இருந்தது. அதன்மேல் சிவப்புப் பட்டு ஜிப்பா, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் ஜரிகைத் துண்டு சகிதம் டைரக்டர் வைரதீபன். கதைக்கும் அந்தக் குதிரைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் படத்தில் ஆறு இடத்தில் அவர் குதிரையில் வந்து, விரல்களைச் சதுரமாகப் பிடித்து, அதற்குள்ளிருந்து ஜனங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். அதுதான் அவருடைய முத்திரையாம்.

சிம்மக்கல் வசுந்தரா டாக்கீஸில் படம் ஓட்டும் ஆபரேட்டர் முத்திருளன், கேபின் ஓட்டை வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தரை டிக்கெட் மொத்தமும் ஊளையிட்டது அவன் காதுக்கு இதமாக இருந்தது. ஆனால் பெண்கள் பக்கத்தில் ஒரே ஒரு ஜோடிக் கை மட்டும் விடாமல் தட்டியது. அது அவன் பெண்டாட்டி அன்னக்கொடியின் கை.

வைரதீபன் வேறு யாருமில்லை, பேயாண்டிதான். ஐந்தாம் வகுப்பில் முத்திருளனுக்குப் பக்கத்து இடம். அன்னக்கொடிக்குச் சொந்தத் தாய்மாமன் மகன், கட்டிக்கொள்ளும் முறைக்காரன். அவன் சினிமாக் கிறுக்கில் மெட்ராஸுக்கு ரயிலேறியதால்தான் அவள் முத்திருளனுக்கு வாய்த்தாள். இதை முத்திருளன் ஒருநாளும் மறந்ததில்லை. அவள் மறந்தாளா என்பதுதான் பதினோரு வருஷமாக அவனுக்குத் தெரியவில்லை.

படம் வந்த அன்றே வீட்டில் பேச்சு முற்றிவிட்டது.

“எங்க மச்சான் படம் அம்பது நாள் ஓடும், பாருங்க.”

“ஓடுனா என் மீசைய எடுத்துர்றேன்.”

“நெசமாவா?”

“ஒரு பேச்சுதான் எனக்கு.”

அன்னக்கொடி அதைத் தண்ணிக் குழாயடியில் சொல்லி, அவர்கள் குடியிருந்த கோச்சடை முழுக்கப் பரப்பிவிட்டாள். மீசையும் லேசுப்பட்டதில்லை. பதினெட்டு வயசிலிருந்து விளக்கெண்ணெய் போட்டு வளர்த்தது. தபால்காரர்கூட ‘மீசைக்காரர் வீடு’ என்றுதான் விசாரித்துக்கொண்டு வருவார்.

முத்திருளன் சும்மா இருந்திருந்தால் படம் தானாகவே படுத்திருக்கும். பொறாமை பிடித்தவன் கை சும்மா இருக்குமா? அவள் கைதட்டிய சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. ஆட்டம் விட்டதும் பிளேடை எடுத்தான். ஆறு குதிரையையும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டினான்.

நிமிர்ந்தால் வாசலில் காசிமாயன். படப்பெட்டியோடு கம்பெனியிலிருந்து வந்த ஆள். படம் ஓடுகிறவரை தியேட்டரிலேயே கிடந்து, தப்புத்தண்டா நடந்தால் மெட்ராஸுக்கு எழுதிப்போடுவது அவன் வேலை. முத்திருளன் பிளேடை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“மெஷின்ல சிக்கிப் பிஞ்சு போச்சு தம்பி.”

“ஆறு குதிரையும் சொல்லிவச்ச மாதிரி சிக்கியிருக்கேண்ணே,” என்றான் காசிமாயன், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. “போகுது விடுங்க. துண்டுகளைக் குடுங்க, வீட்டுல பிள்ளைக வச்சு வெளையாடும்.”

பிழைத்தோம் என்று வாரிக் கொடுத்தான்.

குதிரை போனதில் படம் கால்மணி நேரம் சுருங்கிவிட்டது. பகல் ஆட்டம் பார்த்துவிட்டு அடித்துப் பிடித்தாவது சோழவந்தான் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று ஆகிவிட்டது. சோழவந்தான் பக்கத்துச் சனமெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியது. பன்னிரண்டாம் நாள் முதலாளி துளசிராம் கேபினுக்கே படியேறி வந்து, “முத்திருளா, ஹவுஸ்ஃபுல் போர்டை எங்கே வச்சோம்னு தேட வேண்டியதா இருக்கு,” என்று முதுகில் தட்டினார்.

முத்திருளன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

இந்தத் தடவை யோசித்து வெட்டினான். கதாநாயகன் ஏன் ஊரைவிட்டு ஓடினான் என்று கோர்ட்டில் எட்டு நிமிஷம் பேசி விளக்குவான். அது இல்லையென்றால் படம் தலையும் புரியாது, வாலும் புரியாது. அதைத் தூக்கினான். துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான் காசிமாயன்.

மறுநாளே டீக்கடையில் சண்டை. “அவன் அண்ணனுக்காகத்தான் ஓடுனான்,” என்றது ஒரு பெஞ்சு. “போடா, அந்தப் புள்ளைக்காக ஓடுனான்,” என்றது எதிர் பெஞ்சு. வழக்குத் தீர வேண்டுமென்றால் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். இரண்டு பெஞ்சும் கிளம்பிப் போய் டிக்கெட் வாங்கின.

முப்பதாம் நாள் முத்திருளனுக்கு வெறியே பிடித்துவிட்டது. பதினாலாம் ரீலில் கதாநாயகன் செத்துப்போகிறான். ஒன்பதாம் ரீலில் அவனுக்குக் கல்யாணம். ஒன்பதைத் தூக்கிப் பதினாலுக்குப் பின்னால் ஓட்டினான். செத்தவன் எழுந்துவந்து தாலி கட்டினால் எவன் பொறுத்துக்கொள்வான்? இன்றைக்கு நாற்காலியைப் பிடுங்கி எறிவார்கள் என்று காத்திருந்தான்.

ஒரு நாற்காலிகூட அசையவில்லை. மூக்குச் சிந்தும் சத்தம்தான் கேட்டது.

அன்னக்கொடி கண் சிவந்து வீடு வந்தாள். “மச்சான் மெட்ராஸ்ல இருந்து மாத்தி அனுப்பியிருக்காரு போல. புருசன் செத்த பெறகு அவ மனசுக்குள்ளயே கல்யாணம் பண்ணிப் பாக்குறா. பொம்பள மனசு அவருக்கு எம்புட்டுத் தெரியுது. உங்களுக்கு இப்படியெல்லாம் யோசிக்க வருமா?”

முத்திருளனுக்குத் தொண்டைவரை வந்தது. நான்தான்டி என்று சொன்னால் வேலை போகும், போலீஸ்கூட வரும். “சோத்தப் போடு,” என்றான்.

ஐம்பதாம் நாள் காலையில் நாவிதர் விருமாண்டி கத்தியைத் தீட்டிவிட்டு, “நெசமாத்தானாண்ணே?” என்று மூன்று தடவை கேட்டார். முத்திருளன் கண்ணை மூடிக்கொண்டான். தெருவே கூடி நின்று பார்த்தது.

சாயங்காலம் வைரதீபன் வெள்ளைக் குதிரை பூட்டிய சாரட்டில் வந்து இறங்கினார். மேடையேறி விரலைச் சதுரமாகப் பிடித்தார். விசில் பறந்தது.

“சொல்ல வேண்டியதை மறைச்சேன். முன்னால வர வேண்டியதைப் பின்னால வச்சேன். என் முகத்தையே வேண்டாம்னு வெட்டுனேன். எந்த டைரக்டருக்கு வரும் இந்தத் தைரியம்?”

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. முத்திருளன் மொட்டை உதட்டைக் கையால் மூடிக்கொண்டு நின்றான். தன் கைவேலைக்கு இன்னொருத்தன் மாலை வாங்குகிறான், அதற்குத் தன் பெண்டாட்டியே முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறாள். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்?

இறங்கிவந்த வைரதீபன் அவனைக் கட்டிப்பிடித்தார். “டேய் முத்திருளா, மீசையில்லாம இப்பத்தான்டா பாக்குற மாதிரி இருக்க.”

அன்னக்கொடி சிரித்தாள். அங்கே நிற்க முடியாமல் அவன் கேபினுக்கு ஏறிவிட்டான்.

பின்னாலேயே ஒரு புதுப் படப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான் காசிமாயன்.

“என்னா காசி, துண்டையெல்லாம் வச்சுப் பிள்ளைக நல்லா வெளையாடுச்சுகளா?” என்றான் முத்திருளன், எரிச்சலோடு.

“எனக்கு ஏதுண்ணே பிள்ளை? இன்னும் கல்யாணமே ஆகல.”

“அப்ப துண்டெல்லாம்?”

“அன்னன்னைக்கே மெட்ராஸ் போயிருச்சு. நீங்க ரீலை மாத்துனதையும் எழுதிப்போட்டேன். இங்க செஞ்சதை அப்படியே எல்லா ஊர்லயும் செஞ்சாங்க. எல்லா ஊர்லயும் அம்பது நாள்.”

முத்திருளன் ஸ்டூலில் உட்கார்ந்தான். காசிமாயன் பெட்டியை அவன் காலடியில் பதனமாக இறக்கி வைத்தான்.

“இது அடுத்த படம்ணே, இருபத்தோரு ரீலு. இன்னும் எந்த ஊருக்கும் போகல. உங்களுக்கு நல்லா வயிறெரியணும்னே டைரக்டர் இதுல பன்னெண்டு எடத்துல குதிரையில வாராரு.”