உள்ளே வைத்தது எதுவும் கெடாத ஃபிரிட்ஜ்

ஆன்லைனில் பழைய சாமான் விற்பதில் ஏமாந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஏமாற்றுக்காரன் கையில் சிக்காமல் அலர்ட்டாக இருந்து, கடைசியில் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாத காலம். குன்னூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம். ஃபேக்டரியில் இலைக்குக் கொடுத்த விலை, பறிக்கிறவர்கள் கூலிக்கே பத்தவில்லை. கூலிக்கு ஆள் வைக்காமல் அப்பாவும் அம்மாவுமே பறித்தார்கள். நான் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன் (செல்போனில் விரலால் தேடினேன்). இந்த லட்சணத்தில் தங்கை சுகந்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஒரு செலவை ஏற்றுக்கொண்டார்கள். சித்தப்பா பந்தல், மாமா சமையல். ஒன்றுமே ஏற்றுக்கொள்ளாதவன் கூடப்பிறந்த அண்ணன் மட்டும்தான். எனக்கு நிஜமாகவே அவமானமாக இருந்தது. மாலையும் பூ அலங்காரமுமாவது என் காசில் இருக்க வேண்டும் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டு, விற்க என்ன இருக்கிறது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மூலையில் ஃபிரிட்ஜ் நின்றது.

அந்த ஃபிரிட்ஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மழையும் பனியும் சேர்ந்து எதையும் விட்டுவைக்காது. பெல்ட்டில் பூஞ்சை, பீரோ துணியில் பூஞ்சை, நாலு நாள் கும்பிடாவிட்டால் சாமி படத்தில் பூஞ்சை. அதனால் மலையில் பல வீடுகளில் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பு எரியும். அந்தச் சூட்டில் துணி காய்ந்தபடி இருக்கும். எங்கள் வீட்டுக்கு அப்பா ஒரு எஸ்டேட் பங்களா ஏலத்தில் எடுத்து வந்த ஃபிரிட்ஜ், வந்த வருஷமே கம்ப்ரஸர் போய் உயிரை விட்டது. அம்மா கொஞ்சமும் கலங்கவில்லை. உள்ளே அறுபது வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு அதையே பீரோ ஆக்கிவிட்டாள். கதவு இறுக்கமாக மூடும், ஈரம் புகாது. அப்பளம், தீப்பெட்டி, உப்பு, என் டிகிரி சர்டிபிகேட் எல்லாம் அதற்குள்தான் சுகமாகக் குளிர் காய்ந்தன. ஊரிலேயே சூடான ஃபிரிட்ஜ் எங்களுடையது.

போட்டோ எடுத்துப் போட்டேன். விளம்பரத்தில் பொய் எழுதக்கூடாது என்று ரொம்பவே யோசித்து இப்படி எழுதினேன்: "ஒரே குடும்பம் பயன்படுத்தியது. உள்ளே வைத்தது எதுவும் இதுவரை கெட்டதில்லை." சத்தியமான வார்த்தை. ரிப்பேர் விஷயத்தை வாங்க வருகிறவரிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அன்றிலிருந்து போனுக்கு ஓய்வில்லை. "இருக்கா?" என்று கேட்பார்கள். "இருக்கு" என்றால் பதில் வராது. ஒருவர் கடைசி விலை கேட்டார். சொன்னதும், "அதுக்கும் கடைசி?" என்றார். தேவாலாவிலிருந்து ஒருவர், ஃபிரிட்ஜுக்குப் பதிலாக சினை ஆடு தருகிறேன், குட்டி ரெண்டு நிச்சயம் என்றார். இன்னொருத்தர் விலையே கேட்கவில்லை. பின்னால் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் விற்பனைக்கா என்று கேட்டார்.

பிறகு பட்டாளத்தில் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பேசினார். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்காரர் என்றால் தனி மரியாதை. நான் எழுந்து நின்றே பேசினேன். நேரில் பார்க்கவே வேண்டாம், சொன்ன விலையே தருகிறேன் என்று கட்டம் கட்டமாக ஒரு படம் அனுப்பினார். அதை ஸ்கேன் செய்து ரகசிய நம்பரைப் போட்டால் பணம் வந்து விழுமாம். போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் போட்டேன். என் கணக்கில் போதுமான பணம் இல்லை என்று வந்தது. விஷயம் புரிந்தபோது எனக்கு முன்னால் அவருக்குத்தான் கோபம் வந்தது.

"அக்கவுண்ட்ல ஒண்ணுமே இல்லாம எதுக்கு சார் எங்க டைமை வேஸ்ட் பண்றீங்க?" என்று திட்டிவிட்டு வைத்துவிட்டார். தேயிலை விலை வீழ்ந்ததால் லாபம் அடைந்த ஒரே விவசாயி அன்றைக்கு நான்தான்.

இதற்குப் பிறகு என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே ஒரு மயக்கம் வந்துவிட்டது. நேரில் வருபவருக்குத்தான் பொருள், கையில்தான் காசு என்று கறாராக இருந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வேலுச்சாமி என்பவர் டெம்போவோடு வருவதாகச் சொன்னார். நல்ல வேளையாக (என்று அப்போது நினைத்தேன்) அன்று அப்பா தோட்டத்தில். அம்மாவும் சுகந்தியும் பத்திரிகை வைக்கப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பும்போது காசை நீட்டி அசத்த வேண்டும் என்பது என் திட்டம்.

மார்கழிக் கடைசி, நல்ல குளிர். எங்கேயோ மரம் விழுந்து காலையிலிருந்து கரண்ட் இல்லை. அப்பளம், உப்பு எல்லாவற்றையும் கூடையில் மாற்றினேன். அடியில் இருந்த காய்கறி டிராயரை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. அது எப்போதுமே சிக்கிக்கொள்ளும். இடது பக்கம் முழங்காலால் ஒரு இடி இடித்து இழுக்கும் வித்தை அம்மாவுக்கு மட்டும்தான் கைவரும். உள்ளே என்ன இருக்கப்போகிறது, பழைய தீப்பெட்டிதானே என்று விட்டுவிட்டேன்.

வேலுச்சாமி வாயும் வயிறுமாக, அதாவது பெரிய வாயும் பெரிய வயிறுமாக, இறங்கினார். உருளைக்கிழங்கு மண்டியில் வேலை, மண்டிக்குப் பின்னாலேயே பச்சை கேட் போட்ட வீடு, மனைவி சரசு ரொம்ப நாளாக ஃபிரிட்ஜ் கேட்டு முகத்தைத் தூக்கி வைத்திருப்பது வரை, கதவைத் திறப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார். பிறகு ஃபிரிட்ஜுக்குள் கையை விட்டார். விட்ட கையை எடுக்கவில்லை.

"ஏனுங் தம்பி, கரண்ட் எப்பப் போச்சு?"

"காலைலிங்க."

"காலைல போயும் இன்னும் இப்படி ஜில்லுனு இருக்குதுங்களே!"

அந்தக் குளிரில் எங்கள் வீட்டு அம்மிக்கல்கூட அப்படித்தான் இருக்கும். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பல்பைப் பார்த்துவிட்டார்.

"பல்பு கொஞ்சம் பெருசா இருக்குதுங்?"

"ராத்திரில நல்லா தெரியறதுக்குங்க" என்றது என் வாய். மாலை, பூ அலங்காரம் எல்லாம் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் அதற்கு மேல் நான் திருத்தவில்லை. ஆள் வைத்துத் தூக்கி ஏற்றி, கை கொடுத்து அனுப்பிவிட்டேன். விளம்பரத்தையும் அழித்துவிட்டேன். புத்திசாலித்தனம்!

சாயங்காலம் அம்மாவும் சுகந்தியும் வந்தார்கள். அம்மா நேராக மூலைக்குப் போய் நின்றாள்.

"ஏன்டா, ஃபிரிட்ஜு எங்க?"

"வித்தாச்சு!" என்று காசைக் கையில் விசிறிபோல் விரித்துக் காட்டினேன்.

"உள்ள இருந்ததெல்லாம்?"

"கூடையில இருக்கு பாரு. அப்பளம் ஒண்ணுகூட உடையல."

"டிராயரு?"

விரித்த காசை மெல்ல மடித்துக்கொண்டேன். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் எடுத்து, ஜாக்கெட் தைக்கச் சொல்லி எங்களிடம் கொடுத்திருந்த முகூர்த்தப் பட்டு. முந்தின நாள்தான் டெய்லரிடமிருந்து வாங்கி, ஈரம் படாமல் இருக்க மஞ்சள் துணியில் சுற்றி அந்த டிராயரில் வைத்திருந்தாள். "உங்கிட்டச் சொன்னனேடா! நீயும் உம்முன்னியே!" என்றாள். நான் அந்த நேரம் சினை ஆட்டுக்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பட்டைத் தொலைத்துவிட்டுப் பெண்ணை எதில் உட்கார வைப்பது? சுகந்தி அழுவாள் என்று பார்த்தேன். ஃபிரிட்ஜ் நின்ற இடத்தில் தரையில் இருந்த சதுரத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்ணா, என்னையும் சேர்த்து டெம்போல ஏத்தி விட்டிருக்கலாமல்ல?" என்றாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வேலுச்சாமிக்கு போன் போட்டேன். கட் செய்தார். மறுபடி போட்டேன், மறுபடி கட். ஃபிரிட்ஜ் வேலை செய்யவில்லை என்று கோபம் போலிருக்கிறது, பட்டை எரித்தேவிட்டார் போலிருக்கிறது என்று என்னென்னவோ தோன்றியது. விடிந்ததும் முதல் பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்கி, மண்டிக்குப் பின்னால் பச்சை கேட்டைத் தேடிப் பிடித்தேன்.

கதவைத் திறந்த வேலுச்சாமி என்னைப் பார்த்ததும் வெளுத்துப் போனார். அடிக்கப்போகிறார் என்று ஒரு அடி பின்னால் வைத்தேன். அவரோ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, சத்தம் போட்டுடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கதை இதுதான். ஃபிரிட்ஜை வைத்து சுவிட்சைப் போட்டால் குளிரவில்லை, உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கிறது. சரசக்கா கொந்தளித்துப்போய் டிராயரை எட்டி உதைத்திருக்கிறார். அது திறந்துகொண்டது. உள்ளே பட்டுப்புடவை. என்ன இது என்று அவர் கேட்க, தப்பிக்க வேறு வழி தெரியாமல் இவர், "உனக்குத்தான் சரசு, சொல்லாம எடுத்து வச்சேன்" என்றுவிட்டார். ராத்திரி கோழிக்குழம்பாம். கல்யாணம் ஆன புதுசில் பார்த்த சிரிப்பாம்.

"ஃபிரிட்ஜு குளுராதுன்னு நான் உங்களை ஒரு வார்த்தை கேக்கலை பாருங்க. நீங்களும் சேலையப் பத்திக் கேக்காதீங்க. சரியாப் போச்சு" என்றார்.

"ஏனுங்ணா, அது என்ற தங்கச்சி முகூர்த்தப் பட்டுங்க!"

வேலுச்சாமி தலையில் கையை வைத்துக்கொண்டார். அதற்குள் உள்ளேயிருந்து, "ஆருங்க அது?" என்று குரல் வந்தது.

"மெக்கானிக்கு! ஃபிரிட்ஜு பாக்க வந்திருக்காப்ல!" என்று கத்திவிட்டு என் கையில் ஒரு ஸ்குரூ டிரைவரைத் திணித்தார்.

இப்படியாக நான் விற்ற செத்த ஃபிரிட்ஜுக்கு நானே வைத்தியம் பார்க்க உட்கார்ந்தேன். பின்பக்கம் ஒரு திருகைக் கழற்றினேன், மறுபடி மாட்டினேன். எனக்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான். சரசக்கா ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஸ்டூல் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். நான் அதே திருகை நாலாவது தடவை கழற்றும்போது கேட்டார்.

"தம்பி, மெசினு வேலையெல்லாம் உங்களுக்கு நல்லாத் தெரியும்போல. இன்னொண்ணும் பாத்துச் சொல்லுங்க."

உள்ளே போய் மஞ்சள் துணி மூட்டையோடு வந்தார். பிரித்து, பட்டுக்குள்ளிருந்து தைத்த ஜாக்கெட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். பிறகு தன் கையை அதன் கையோடு சேர்த்து வைத்துக் காட்டினார். என் தங்கை குச்சி. சரசக்காவுக்கோ வீட்டுக்காரருக்குச் சற்றும் குறையாத உடம்பு.

"இது என்ற கையிலே எதுவரைக்கும் ஏறும்னு நினைக்கறீங்க?"

வேலுச்சாமி வாசலைப் பார்த்தார். நான் ஸ்குரூ டிரைவரைப் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் போக்கிடம் இல்லை.

"ஓரத்துல மஞ்சத் தடவின சேலை, ஆருக்கோ அளவெடுத்துத் தெச்ச ரவிக்கை. எனக்காமா! ராத்திரி பூரா போன் வருது, இவரு கட் பண்ணிப் பண்ணி வெக்கறாரு. தானா வாயத் தொறந்து சொல்லட்டும்னுதான் கோழியடிச்சுப் போட்டேன். நல்லாத் தின்னாரே ஒழிய சொல்லலை." பிறகு என் பக்கம் திரும்பினார். "கல்யாணம் ஆருக்குங்க?"

"தங்கச்சிக்குங்க" என்று சொல்ல ஆரம்பித்தவன், வெட்கமே இல்லாமல் அழுதுவிட்டேன். மாலை, இலை விலை, அதிகாரி, சினை ஆடு எல்லாவற்றையும் கொட்டினேன். பல்பையும் சொன்னேன். சரசக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். பட்டை மடித்து, அதன்மேல் கொஞ்சம் குங்குமம் வைத்து, மஞ்சள் துணியில் கட்டி என் மடியில் வைத்தார்.

"ஒரு சாமான வித்தா, இன்னது ரிப்பேருன்னு சொல்லோணும். வாங்கினா, போட்டுப் பாத்து வாங்கோணும். ரெண்டு பேருக்கும் அது தெரியலை. காப்பி ஆறுது, குடிங்க."

பணத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்தேன். ஃபிரிட்ஜை மலையேற்ற டெம்போ வாடகையும் என் தலையில்தான் விழுந்தது. அதை ஊருக்கு வந்து சித்தப்பாவிடம் வாங்கிக் கட்டினேன். ஆக, தங்கை கல்யாணத்துக்கு என் பங்கு, ஒரு புதுக் கடன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பின்னால் அந்த டிராயர் தானாகவே திறந்து திறந்து மூடியது. என் கைக்கு வராதது சரசக்கா ஒரு உதை விட்டதில் திருந்திவிட்டது.

கல்யாணத்துக்கு இருவரும் வந்திருந்தார்கள். சரசக்கா புத்தம் புது அரக்குப் பட்டில் வந்தார், அளவான ஜாக்கெட்டோடு. வேலுச்சாமி என்னை ஓரமாக அழைத்துப்போய், "புது ஃபிரிட்ஜும் வாங்கியாச்சுங்க தம்பி. உங்களால எனக்கு ஆன செலவு இருக்குதே!" என்றார். சொல்லும்போது கண் மட்டும் சரசக்கா பக்கமே இருந்தது.

சுகந்தி இந்தக் கதையைப் புகுந்த வீட்டில் முதல் மாதமே சொல்லிவிட்டாள். "ஆளாளுக்குச் சீர் செஞ்சாங்க. எங்கண்ணன் மட்டும்தான் எனக்காக அழுதுட்டு வந்தான்" என்று முடிப்பாளாம். மாப்பிள்ளை வீட்டில் எனக்கு மெக்கானிக் மச்சான் என்று பேர். எந்த மிஷின் நின்றாலும், "மச்சானைக் கூப்பிடு, திருகைக் கழட்டி மாட்டுவாரு" என்பார்கள்.

ஃபிரிட்ஜ் இன்னும் மூலையில்தான் நிற்கிறது. பல்பு எரிகிறது. அப்பளம், உப்பு, தீப்பெட்டி எல்லாம் அதே இடத்தில் இருக்கின்றன. எனக்குக் கல்யாணம் ஆகி வந்த புதிதில், முகூர்த்தப் பட்டை அதில் வைத்துக்கொள்ளச் சொல்லி என் மனைவிக்கு அம்மா டிராயரைத் திறந்து காட்டினாள். என் மனைவி டிராயரைப் பார்த்தாள், செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"வேண்டாங்கத்தை. பூஞ்சை பிடிச்சாலும் பிடிச்சுட்டுப் போகுது" என்று சொல்லிப் பட்டைத் தன் அம்மா வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டாள். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.