கூரை பூட்டாத காரும் கஜனின் தலைப்பாகையும்

கணக்குப் படிப்பிக்கிறவருக்கு எண்ணத் தெரியும் என்று தயவுசெய்து யாரும் நம்பிவிடாதீர்கள். இருபத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு அட்சரகணிதம் படிப்பித்தவன் நான். ஒரு காரில் இரண்டு இருக்கைகள் இருந்தால், ஓட்டுகிறவன் ஒன்றில் ஏறிய பிறகு மிச்சம் ஒன்றுதான் என்ற உண்மை, என் பெரியக்காவின் மகன் கஜனின் கலியாணத்தன்று காலை எட்டு மணிக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. அப்போது மாப்பிள்ளை, தோழன், தோழி மூன்று பேரும் வெளிக்கிட்டுக் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்கள்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐம்பது வயதானதும் சிலருக்குச் சீனி வருத்தம் வருகிறது. சிலர் கோயில் நிர்வாகசபையில் சேருகிறார்கள். எனக்கு அந்தக் கார் வந்து சேர்ந்தது. விடைத்தாள் திருத்தக் கொழும்புக்குப் போயிருந்தபோது, நான் தங்கியிருந்த ஒழுங்கையில் ஒரு வீட்டு முற்றத்தில் அது நின்றது. கூரை பின்னால் மடிந்து கிடக்க, இரண்டே இரண்டு இருக்கைகள். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வெட்டினால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். ஐந்து நாளும் காலையும் மாலையும் போய் மதிலுக்கு மேலால் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். (அந்த வருடம் என் கையில் அகப்பட்ட பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். கனவில் இருக்கிறவன் புள்ளி வெட்டமாட்டான்.)

ஐந்தாம் நாள் சொந்தக்காரர் வெளியே வந்தார். வெளிநாடு போக மூட்டை கட்டிக்கொண்டிருந்த மெலிந்த மனிதர். "விக்கத்தான் வைச்சிருக்கிறன்" என்றார்.

"கூரை பூட்டுமோ?" என்று கேட்டேன். வாகனம் வாங்குகிறவன் கேட்கவேண்டிய கேள்விகளில் நான் கேட்டது இது ஒன்றுதான்.

"இந்தக் காரை வாங்கிறவை கூரையைப் பற்றி யோசிக்கிறேல்லை, மாஸ்டர்."

எவ்வளவு அழகான பதில் என்று மயங்கிப்போனேன். அது பதிலே இல்லை என்பது, காரை வாங்கி ஊருக்கு ஓட்டி வரும் வழியில் மாங்குளத்தில் மழை பிடித்தபோது தெரிந்தது. பொத்தானை அமர்த்தினேன். கூரை ஒரு முனகலோடு நாலு விரல் உயரம் எழும்பி, கொஞ்சம் யோசித்துவிட்டு, திரும்பவும் படுத்துக்கொண்டது. உடுவிலில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்த என் மனைவி வதனி, நனைந்து, காய்ந்து, புழுதி அப்பி வந்து நின்றவனைக் குரலை வைத்துத்தான் யாரென்று தெரிந்துகொண்டாள்.

"உதென்ன?"

"கார்."

"பாதிதானே வந்திருக்கு. மிச்சப் பாதி எங்கை?"

கூரை விஷயத்தை நான் சொல்லவில்லை. "திறந்து ஓடுறதுதான் இதின்ரை வடிவு" என்று ஒரு போடு போட்டேன். அடுத்த நாளே சுன்னாகத்தில் ஒரு பெரிய நீலப் படங்கு (நெல் காயவைக்க விரிப்பார்களே, அதுதான்) வாங்கி வந்து காரை மூடினேன். "வெயிலுக்கு நிறம் மங்கிப்போகும்" என்றேன். வதனி படங்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குசினிக்குள் போய்விட்டாள்.

அவளுடைய வழக்கு வேறு. "ரெண்டு பேர் மட்டும் போறதுக்கு ஒரு காரோ? எங்கடை வாழ்க்கையிலை ரெண்டு பேராய் மட்டும் எப்பவாவது எங்கையேன் போயிருக்கிறமே?"

யோசித்துப் பார்த்தேன். கோயிலுக்கு என்றால் மாமியும் பொங்கல் பானையும் வருவார்கள். ஆஸ்பத்திரிக்கு என்றால் சின்னம்மா வருவா. பிறகு மகள்மார் இரண்டு பேர். அவர்கள் வளர்ந்து வெளியூருக்குப் போன பிறகு, எங்களுக்கு எங்கும் போகவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. நாங்கள் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து போனது ஒரே ஒருமுறை, எங்கள் கலியாணத்தன்று. சண்டையால் குடாநாட்டுக்குள் பெற்றோல் வராத காலம் அது. மாப்பிள்ளையாகச் சைக்கிளில் போனேன். அவளைப் பின் கரியரில் ஏற்றிக்கொண்டு சைக்கிளிலேயே திரும்பி வந்தேன். பெரிய மேளம் இல்லை. ஒரு படம்கூட இல்லை. (படம் பிடிக்க ஒழுங்கு செய்த ஆள் அதற்கு முதல் கிழமை இடம்பெயர்ந்து போய்விட்டார்.) இதைச் சொல்ல வாயெடுத்து, பிறகு ஏனோ விட்டுவிட்டேன்.

காரில் ஏறமாட்டேன் என்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். காரணம் இரண்டே சொல்: "சனம் பாக்கும்." சுன்னாகம் சந்தைக்கு அவள் பஸ்ஸில் போவாள். நான் பஸ்ஸுக்குப் பின்னால் காரில் போவேன். பின் யன்னலோரம் இருந்துகொண்டு என்னை முன்பின் தெரியாதவள் போல வெங்காயத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் உடம்பு லேசாகிறது. சனிக்கிழமை விடியற்காலைகளில் படங்கை உருவிவிட்டுக் கிளம்புவேன். நீர் பாய்ந்த செம்மண்ணின் வாசம், ஒரு வேலியோரத்து மல்லிகை, ஒரு பேக்கரியின் பாண் வாசம் என்று ஊர் ஒவ்வொன்றாக வந்து காருக்குள் ஏறி இறங்கும். பருத்தித்துறைக்குப் போகும் கரையோர வீதிக்கு வந்துவிட்டால் இடப்பக்கம் முழுக்கக் கடல். பக்கத்து இருக்கையில் கடலை ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று தோன்றும். மெதுவாகத்தான் ஓட்டுவேன். பனை வட்டுகள் தலைக்கு மேலே ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நகரும். சந்தியில் வழிவிட நின்றால் தலையைச் சாய்த்து வானத்தைப் பார்த்தபடி அப்படியே இருந்துவிடுவேன். ஒருநாள் பின்னால் நின்ற மினிபஸ் கொண்டக்டர் இறங்கி வந்து, "மாஸ்டர், முகிலும் போட்டுது, நீங்களும் போங்கோவன்" என்று கெஞ்சினான்.

கார் வேறு நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். சைக்கிளில் போகிற கிழவர்கள்கூட என்னைக் குனிந்துதான் பார்ப்பார்கள். "மாஸ்டர், விழுந்துபோனியளோ? தூக்கிவிடவே?" என்று ஒருவர் உண்மையான இரக்கத்தோடு கேட்டிருக்கிறார்.

எனக்கு இருந்த ஒரே குறை பக்கத்து இருக்கைதான். எத்தனை நாளைக்குக் கடலையே ஏற்றிக்கொண்டு போவது? வதனியை இருத்திக்கொண்டு போகத்தான் அந்தக் காரையே வாங்கினேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனி மாதம் அவள் தீர்ப்புச் சொன்னாள். "இஞ்சாருங்கோ, மாரி வருது. உந்தக் கார் எங்கடை குடும்பத்தின்ரை ஒரு நல்ல காரியத்துக்காவது உதவினால் வைச்சிருங்கோ. இல்லாட்டி ஐப்பசிக்கு முன்னம் வித்துப்போடோணும்."

ஆவணியில் கஜனின் கலியாணம். விடுவேனா? மாப்பிள்ளைக் கார் என்னுடையது என்று அறிவித்துவிட்டேன். "தம்பி, உனக்கு விசரோ?" என்றா அக்கா. கஜன் மட்டும் மஞ்சள் காரில் ராசா போல் போகிற கனவில் மாமாவின் பக்கம் நின்றான்.

பெண் வீடு கரவெட்டி. வழமைப்படி மாப்பிள்ளையை அழைத்துப்போகப் பெண்ணின் தம்பி நிரோஷன் உடுவிலுக்கு வந்தான். அவன்தான் தோழன். மாப்பிள்ளையை மணவறையில் இருத்தும்வரை அவனை விட்டு விலகக்கூடாது. மாப்பிள்ளையின் தங்கை தோழி. இவர்கள் மூன்று பேரும் வந்து நின்றபோதுதான் நான் முதல் பந்தியில் சொன்ன கணித உண்மையைக் கண்டுபிடித்தேன். தோழி வாயைச் சுழித்துக்கொண்டு அக்காவும் வதனியும் பலகாரத் தட்டங்களும் நிறைந்திருந்த வான் வண்டிக்குள் போய் நெருக்கி ஏறினாள். நிரோஷன் அசையவில்லை.

"என்ரை அக்கா சொல்லி விட்டவ, அத்தானை விட்டு அங்காலை இங்காலை போகக்கூடாது எண்டு."

கடைசியில் யாரோ ஒருவரின் மோட்டார்சைக்கிளை வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மந்திரிக்குக் காவல் போகிறவன் போல எங்களோடு சமாந்தரமாக வந்தான். புத்தூர், ஆவரங்கால், அச்சுவேலி என்று சனம் வாசலுக்கு வந்து பார்த்தது. கஜன் இரண்டு கையாலும் தலைப்பாகையை அமத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாமா, வல்லை வருது. கூரையைப் பூட்டுவமே?"

"பூட்டினால் பின்னாலை கட்டின மாலை நசிஞ்சுபோம்" என்றேன். (பொய் சொல்வதில் அப்போது எனக்கு நல்ல பழக்கம் வந்திருந்தது.)

வல்லை வெளியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீடு இல்லை, மரம் இல்லை. இரு பக்கமும் வற்றிய கடனீரேரி, நடுவே நேரான வீதி, ஆவணியில் சோளகக் காற்று. வீதியோரத்தில் முனியப்பர் இருக்கிறார். பஸ் என்றாலும் லொறி என்றாலும் அவர் முன்னால் நிறுத்தி, உண்டியலில் ஒரு காசு போட்டு, திருநீறு பூசிக்கொண்டுதான் வெளியைக் கடக்கும். நானும் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் கடந்தவன். அன்று அந்த நேர் வீதியையும், அதன் மேல் கவிழ்ந்து கிடந்த முழு வானத்தையும் கண்டதும் கால் தன்பாட்டில் அக்சிலரேற்றரை அமர்த்திவிட்டது. நிரோஷன் பக்கத்தில் கையைக் காட்டிக் காட்டி என்னவோ கத்தினான். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கும் சந்தோசம் போலிருக்கிறது என்று நினைத்து நானும் கையைக் காட்டினேன்.

முனியப்பரை நிற்காமல் கடக்கிறோம் என்று கண்ட கஜன் பயந்துபோனான். நல்ல பிள்ளை. இரண்டு கையையும் எடுத்துத் தலைக்கு மேலே கூப்பிக் கும்பிட்டான்.

தலைப்பாகை போய்விட்டது.

நான் காரை நிறுத்தி இறங்கி ஓடினேன். அது சரிகை மின்ன வெளிக்குள் உருண்டுகொண்டு போனது. நான் கிட்டப்போகும்வரை ஒரு இடத்தில் நிற்கும், குனிந்தால் போய்விடும். ஒரு செருப்பு உப்புச் சேற்றில் புதைந்தது. சால்வை வேறு திசையில் போனது. கடைசியில் தலைப்பாகையைப் பிடித்தேன் என்று சொல்லமாட்டேன், அதன் மேல் விழுந்தேன். எழும்பித் திரும்பிப் பார்த்தால், முனியப்பருக்கு முறைப்படி நின்று வந்த வானும், அதற்குப் பின்னால் பருத்தித்துறை பஸ்ஸும் வீதியில் நிற்கின்றன. பஸ்ஸின் இந்தப் பக்க யன்னல் முழுக்கத் தலைகள். என் மாணவர்கள் ஏழு பேரையாவது அடையாளம் கண்டேன்.

"முகூர்த்தம் போகப்போகுது! முனியப்பருக்கு நிப்பாட்டாமல் போனவன் இவன்!" என்று அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டா. வதனியின் தீர்ப்புப்படி கார் என் கையை விட்டுப் போய்விட்டது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

வதனி வானிலிருந்து இறங்கி வந்தாள். என் கையிலிருந்த தோசையை, அதாவது தலைப்பாகையை, வாங்கினாள். தண்ணீர்ப் போத்தலால் சேற்றைக் கழுவி, சேலைத் தலைப்பால் ஒற்றி, மடிப்பு மடிப்பாக நிமிர்த்தினாள். பிறகு தன் கொண்டையிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி அதற்குள் குத்தினாள். கடைசி ஊசியை எடுத்ததும் கூந்தல் அவிழ்ந்து காற்றில் விழுந்தது. கஜனின் தலையில் வைத்து, "வானிலை ஏறு தம்பி" என்றாள்.

"எங்கை ஏறுறது? இடம் இல்லையே!" என்றா அக்கா.

"நான் இறங்கித்தானே நிக்கிறன்."

வான் புறப்பட்டது. நிரோஷன் இப்போது வானின் யன்னலோரம் கஜனைப் பார்த்தபடி மோட்டார்சைக்கிளில் போனான். வதனி கார்க் கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் ஏறி இருந்தாள்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? முதல் போய் முனியப்பருக்குக் காசு போடுவம். எடுங்கோ."

போட்டோம். திரும்பி வெளிக்கு வந்தபோது ஒருவரும் இல்லை. கடனீரேரிப் பக்கம் நாரைகள் நின்றன. அவள் தலையைச் சாய்த்து மேலே பார்த்துக்கொண்டு வந்தாள். நரை ஓடிய கூந்தல் என் தோளில் வந்து வந்து பட்டது. எனக்குக் கலியாணம் மறந்துபோயிற்று.

"அண்டைக்குச் சைக்கிளிலை வந்தது ஞாபகம் இருக்கே? அதுக்கும் கூரை இல்லைத்தானே" என்றாள்.

"இதின்ரை கூரை..."

"பூட்டாது. படங்கோடை வந்த அண்டைக்கே தெரியும்." முகத்தில் விழுந்த கூந்தலை ஒதுக்கிவிட்டு, "கொஞ்சம் கெதியாப் போங்கோவன்" என்றாள்.

போனேன். அதுதான் அன்றைய கடைசிப் பிழை. நெல்லியடிக்கு முன்னால் வானை முந்திவிட்டோம்.

மாப்பிள்ளை மஞ்சள் காரில் வருவார் என்று மட்டுமே பெண் வீட்டாருக்குத் தெரியும். மண்டப வாசலில் கார் திரும்பியதும் மேளமும் நாதஸ்வரமும் ஒன்றாக முழங்கின. படப்பிடிப்பாளர் ஓடி வந்தார். இரண்டு பெண்கள் ஆராத்தித் தட்டோடு வந்து சுற்றத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாம் சுற்றில்தான் ஒருவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஐயோ, மாப்பிள்ளை நரைச்செல்லே போனார்!"

"தொடங்கினதை இடையிலை நிப்பாட்டக்கூடாது, சுத்தடி" என்றா மற்றவ. மூன்று சுற்றும் சுற்றி எங்கள் இரண்டு பேருக்கும் பொட்டு வைத்து முடிக்கவும், வான் வந்து சேரவும் சரியாக இருந்தது. தாலி முகூர்த்தத்துக்குள் ஏறியது. தலைப்பாகையின் இடப்பக்கம் வல்லைச் சேறு ஒரு விரல் அளவு தெரிகிறது. கஜனின் படங்களில் பார்க்கலாம்.

இன்றுவரை எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணம் பேசினாலும் அக்கா முதலில் கேட்பது இதுதான்: "மாப்பிள்ளை வானிலைதானே வாறார்? இல்லாட்டித் தம்பி திரும்பவும் கலியாணம் முடிக்கப்போறானோ?" மாப்பிள்ளைமார் தலைப்பாகைக்கு நாடிக்குக் கீழே நாடா கட்டித்தான் வெளிக்கிடுகிறார்கள்.

ஐப்பசி வந்தது. பழைய படங்கு கிழிந்துபோயிருந்தது. வதனி பஸ்ஸில் சுன்னாகத்துக்குப் போய் ஒரு புதுப் படங்கு வாங்கிக்கொண்டு வந்தாள். காரை விற்கிற கதையை அதன் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

கஜனின் கலியாணப் படங்களில் ஒன்றை அவள் கேட்டு வாங்கி, பெரிதாக்கி, விறாந்தையில் மாட்டியிருக்கிறாள். சேற்று வேட்டியோடு ஒற்றைச் செருப்பில் நான், அவிழ்ந்த கூந்தலோடு அவள், எங்களுக்கு முன்னால் ஆராத்தித் தட்டு. போன கிழமை வீட்டுக்கு வந்த எங்கள் பள்ளிக்கூடத்துப் புது அதிபர் அதை உற்றுப் பார்த்தார்.

"உங்கடை கலியாணப் படமோ?"

நான் முழுக் கதையையும் சொல்லத் தொண்டையைச் செருமினேன். தேநீரோடு வந்த வதனி முந்திக்கொண்டாள்.

"ஓம். கொஞ்சம் பிந்தித்தான் எடுத்தது."